விரிசலைக் கண்டவர் வாய் திறக்க வேண்டும்



இந்த இதழில் நாம் வழக்கமாக வரி, உரிமம், எடை முத்திரை, உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதுவோம். இம்முறை தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கடையில் காலை முதல் இரவு வரை நிற்கிறோம். கல்லாவைப் பார்க்கிறோம், தராசைப் பார்க்கிறோம், வருகிற வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிறோம். அண்ணாந்து பார்ப்பது மட்டும் அபூர்வம்.

நமது நெய்வேலி வயதான ஊர் அல்ல என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நேற்று வந்த நகரியம், அகலமான சாலைகள், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956-இல். அடுத்த ஆண்டு மே மாதம் பண்டித நேரு இங்கு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் எழுந்த கட்டடங்கள் எவையெல்லாம் இன்றும் நிற்கின்றனவோ அவற்றுக்கெல்லாம் வயது அறுபதை ஒட்டிவிட்டது, சிலவற்றுக்குத் தாண்டிவிட்டது. அந்த முதல் அனல்மின் நிலையத்துக்கே 2020-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மனிதனுக்கும் அறுபதில் ஓய்வு தருகிறோம். கட்டடத்துக்கு மட்டும் வெள்ளையடித்து, பெயர்ப்பலகையை மாற்றி, மறுபடி வேலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

எந்த ஒரு கட்டடத்தையும் குறிப்பிட்டுக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வயதைத்தான் சொல்கிறோம். வயதானால் நோய் வரும். நோய் வந்தால் மருத்துவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். கட்டடத்துக்கு மருத்துவர் பொறியாளர். அவர் எப்போது வாய் திறக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் நாம் பேச வந்த விஷயம்.

இரண்டு மாதங்களில் இரண்டு கூரைகள்

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 7. கோவை மாவட்டம் சோமனூர் பேருந்து நிலையத்தின் காங்கிரீட் கூரை இடிந்து விழுந்தது. பேருந்துக்காக நின்றவர்கள் அடியில் சிக்கினார்கள். ஐந்து உயிர்கள் போயின.

ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 20. நமக்குத் தெற்கே கொள்ளிடம் தாண்டி, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் பொறையாறு. அங்கே அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் படுத்துறங்கும் ஓய்வறைக் கட்டடம் அதிகாலையில் இடிந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கட்டடம் அது. தீபாவளி முடிந்து இரண்டே நாள். ஊர் ஊராகப் பண்டிகைக் கூட்டத்தை ஏற்றி இறக்கிவிட்டு அசதியில் தூங்கிய தொழிலாளர்கள் எட்டுப் பேர் எழுந்திருக்கவே இல்லை.

இவை ஒளிந்து கிடந்த கட்டடங்கள் அல்ல. தினமும் எத்தனையோ பேர் நின்ற, படுத்த, பார்த்த கூரைகள். பார்த்தவர்களுக்கெல்லாம் அதைப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் வேதனை.

கட்டடம் பேசும்

காங்கிரீட் தளம் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் மழைநீர் ஊறும். வெயில் காலத்தில் காயும், ஐப்பசி கார்த்திகையில் மறுபடி ஊறும். நாளடைவில் ஈரமும் காற்றும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை எட்டும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடமில்லாத துரு சுற்றியுள்ள காங்கிரீட்டை நெட்டித் தள்ளும். அப்போதுதான் கம்பி போன வழியே நீளவாக்கில் விரிசல் தெரியும். பிறகு பூச்சு உப்பும். பிறகு சில்லு சில்லாய்க் காரை விழும். நாம் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போடுகிறோம். பெயின்டர் வந்து சிமென்ட் தடவி அடைத்துவிடுகிறார். உள்ளே துரு தன் வேலையை நிறுத்துவதில்லை.

இதில் நமது பங்கும் உண்டு. வீடாகக் கட்டிய தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்றுதான் கணக்கு. கிடங்கு என்றால் குறைந்தது 750 கிலோ தாங்கும்படி தளம் போட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. நாம் என்ன செய்கிறோம்? வாடகை குறைவு என்று பழைய மாடி வீட்டைப் பிடித்து, அரிசியும் பருப்புமாகப் பத்து வரிசை அடுக்குகிறோம். 25 கிலோ சிப்பம் எட்டு வைத்தாலே ஒரு சதுர மீட்டருக்கான வீட்டுக் கணக்கு தீர்ந்துவிட்டது. மீதி மூட்டைகளைத் தாங்குவது தளம் அல்ல, நமது அதிர்ஷ்டம்.

2021 டிசம்பர் 27-ஆம் தேதி சென்னை திருவொற்றியூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். குடிசை மாற்று வாரியம் 1990-களில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. முதல் நாள் இரவே விரிசல் கண்டது. குடியிருந்தவர்கள் பயந்து, ஒருவருக்கொருவர் சொல்லி, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். காலையில் 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பொறையாற்றுக்கும் திருவொற்றியூருக்கும் வித்தியாசம் என்ன? ஓரிடத்தில் எச்சரிக்கை கூரைக்கு அடியில் இருந்தவர்களுக்கு எட்டியது. இன்னோரிடத்தில் எட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் திருவொற்றியூரில் மக்கள் கண்டது கடைசி நேரத்து விரிசல். அது பருப்பு மூட்டையில் வண்டு பறப்பது போல. பறக்கும்போது குழந்தைக்கும் தெரியும். பறப்பதற்கு மூன்று மாதம் முன்பே, குத்தூசியைச் செருகி நாலு பருப்பை உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கும் வியாபாரிக்குத் தெரிந்துவிடும். கட்டட விஷயத்தில் அந்தக் குத்தூசி பொறியாளர் கையில் இருக்கிறது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு முன்னதாகவே அவரால் சொல்ல முடியும். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்பதால்தான் நமக்கில்லாத கடமை அவருக்கு வருகிறது.

கோப்பில் எழுதினால் போதுமா?

"மேலிடத்துக்கு எழுதிவிட்டேன், நிதி வரவில்லை, நான் என்ன செய்ய?" என்று கேட்கும் பொறியாளர்கள் உண்டு. அவர்கள் நிலைமை நமக்குப் புரியாமல் இல்லை. உத்தியோகத்தில் இருப்பவர் அதிகம் பேசினால் இடமாற்றம். சொந்தமாகத் தொழில் செய்பவர் அதிகம் பேசினால் அடுத்த வேலை கிடைக்காது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கட்டடக் கலைஞருக்கும் இருப்பது போல, பொறியாளர்களைப் பதிவு செய்து, நெறி தவறினால் பட்டியலிலிருந்து நீக்கி, நெறியோடு நிற்பவரைக் காக்கும் நாடு தழுவிய சட்டம் நீண்ட காலமாகப் பேச்சில்தான் இருக்கிறது.

இருந்தாலும் நாம் சொல்கிறோம்: கோப்பில் எழுதுவது கடமையின் முதல் பாதி மட்டுமே. கெட்டுப்போன எண்ணெயைக் கடையில் கண்ட வேலையாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு, முதலாளி பேசாமல் இருந்தால், அதே எண்ணெயை வாடிக்கையாளருக்கு அளந்து ஊற்றலாமா? சொன்னேனே என்பது சமாதானம் ஆகுமா?

ஆபத்து உடனடியானது அல்ல என்றால், தேதி போட்டு, எந்தத் தூண், எந்த உத்திரம், எத்தனை காலம் தாங்கும், அதுவரை என்ன முட்டுக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். "பழுதடைந்துள்ளது, ஆவன செய்யவும்" என்ற ஒற்றை வரி யாரையும் காப்பாற்றாது. பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டும், அதற்கும் மேலே எழுத வேண்டும். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். அவர் கதவையும் தட்டலாம். ஆபத்து உடனடியானது என்றால் கடிதத்துக்கு நேரமில்லை. அன்றே கயிறு கட்டி, அடியில் இருப்பவர்களிடம் நேரே சொல்ல வேண்டும். கூரை யாருடைய சொத்து என்பது பத்திரத்தில் இருக்கும். அது விழுந்தால் யார் தலையில் விழும் என்பது எந்தப் பத்திரத்திலும் இல்லை.

நாம் கேட்ட கையெழுத்து

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்று யாராவது கேட்பதற்கு முன் நாமே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் நமது பருப்புக் கிடங்கு இருந்தது. சரக்கின் பேரில் வாங்கிய கடனைப் புதுப்பிக்கும்போது வங்கியில் கட்டட உறுதிச் சான்று கேட்டார்கள். நமது கடையில் இருபது ஆண்டுகளாக மாத மளிகை வாங்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்தோம். வந்தார். சின்னச் சுத்தியலால் தளத்தின் அடிப்புறத்தைத் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் கணீரென்று கேட்டது. பல இடங்களில் காலி டின்னைத் தட்டுவது போலக் கேட்டது. அங்கெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார்.

"அண்ணாச்சி, மேலே இருக்கிறதை முதல்ல இறக்குங்க. சான்று அப்புறம்" என்றார்.

"சீசன் நேரம் சார். ஒரு கையெழுத்துதானே? பீஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றோம்.

"எடைக்கல்லுல அடியில ஈயத்தைச் சுரண்டிட்டு முத்திரை போடச் சொன்னா, நீங்க அந்த முத்திரையை நம்பி வியாபாரம் பண்ணுவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நமக்குக் கோபம் வந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி நமக்கு ஒன்றும் கட்டட உரிமையாளருக்கு ஒன்றும் கொடுத்தார். போகும்போது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நமது லோடுமேன்களைக் கூப்பிட்டு, "மேலே ஏறாதீங்கப்பா, தளம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். இதைப் பொறுக்க முடியவில்லை. நம்மிடம் வேலை செய்பவர்களிடம் நம்மைக் கேட்காமல் சொல்ல இவர் யார் என்று நினைத்தோம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வாரமே வேறொருவரிடம் பணம் கொடுத்து அதே சான்றை வாங்கினோம். அவர் மாடிப்படி ஏறவே இல்லை. வங்கியிலும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் லோடுமேன்கள் மேலே ஏற மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சரக்கை இறக்கி வேறு இடம் பார்த்தோம்.

பிறகு உரிமையாளர் பழுது பார்க்கத் தளத்தைக் கொத்தியபோது போய்ப் பார்த்தோம். விரல் பருமன் இருந்திருக்க வேண்டிய கம்பி பல இடங்களில் துடைப்பக் குச்சியாக இருந்தது. கையால் இழுத்தால் வந்தது. அதற்கு மேல் நாம் அடுக்கியிருந்த மூட்டைகளை நினைத்தோம். கீழே மதியச் சாப்பாட்டுக்குப் பின் தலைக்குச் சாக்கை மடித்து வைத்துப் படுத்திருந்தவர்களையும் நினைத்தோம். அன்று அவர்களைக் காப்பாற்றியது சான்றிதழ் அல்ல, கடிதமும் அல்ல. டீக்கடை வாசலில் சொன்ன அந்த ஒரு வாக்கியம். கட்டடம் உறுதியாக உள்ளது என்று சொல்லும் நாம் வாங்கிய காகிதம் வங்கிக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

நமது பயம்

வியாபாரிகள் பொறியாளரைக் கண்டால் ஏன் முகம் சுளிக்கிறோம்? காரணம் இருக்கிறது. பொதுக் கடைவீதியிலும் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் நாம் வாடகைதாரர்கள். கட்டடம் பழுது என்று ஓர் அறிக்கை வந்தால் நமக்குக் கேட்பது ஒரே சொல்: காலி செய். இடித்துக் கட்டி முடிய எத்தனை ஆண்டாகுமோ? கட்டிய பிறகு பழைய கடைக்காரருக்கே கிடைக்குமா, ஏலத்தில் பணக்காரர் எடுத்துக்கொள்வாரா? அதுவரை வாடிக்கையாளர் காத்திருப்பாரா? இந்தப் பயத்தில்தான் விரிசல் மேல் காலண்டரை மாட்டுகிறோம்.

பயம் நியாயமானது. மருந்துதான் தவறு. பழுது என்ற அறிக்கையை மறைப்பதற்குப் பதிலாக, அறிக்கையைப் பகிரங்கமாகக் கேட்டு வாங்குவோம். மாற்றிடம் எங்கே, எத்தனை மாதம், திரும்ப யாருக்குக் கடை என்பதை எழுத்தில் கேட்போம். இதற்குத்தான் சங்கம். தனி வியாபாரி கேட்டால் அதிகாரி கேட்காமல் போகலாம். சங்கம் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே பயம் அயல்நாட்டிலும் என்ன செய்தது என்று பாருங்கள். கனடாவில் எலியட் லேக் என்ற ஊர். நம் ஊர் போலவே சுரங்கத்துக்காகப் பிறந்த ஊர். அங்கே எடுத்தது யுரேனியம். ஊர் நடுவே ஒரு பெரிய வணிக வளாகம், கடைகளும் நூலகமும் ஒரே கூரையில். கூரைமேல் கார் நிறுத்துமிடம். கட்டிய நாள் முதல் ஒழுகியது. முப்பது ஆண்டு வாளி வைத்துப் பிடித்தார்கள். 2012-இல் சோதித்த பொறியாளர் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்றார். உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி, ஒழுகலைப் பற்றிய குறிப்பையும் ஒரு படத்தையும் அறிக்கையிலிருந்து எடுத்தும் விட்டார். சில வாரங்களில், ஜூன் 23 அன்று, கூரை விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். குற்ற வழக்கில் அந்தப் பொறியாளர் 2017-இல் விடுதலையானார். ஆனால் 2014-இலேயே விசாரணை ஆணையம் சொல்லிவிட்டது: கூரையைத் தின்றது துருதான், அதைவிடப் பெரிய கோளாறு மனிதர்களிடம் இருந்தது என்று. சட்டம் விட்டுவிடுவது வேறு, கடமை தீர்ந்தது வேறு.

வங்கதேசத்தில் ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் கண்டது. வந்து பார்த்த பொறியாளர், ஆட்களை வெளியேற்றுங்கள் என்றார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மாடியில் இருந்த தையல் ஆலைகள் மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே வரவழைத்தன. ஏப்ரல் 24 அன்று கட்டடம் விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஷட்டரை இறக்கிய கடைக்காரருக்கு ஒரு நாள் வியாபாரம் போயிற்று. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதவர்களால் ஆயிரம் வீடுகளில் விளக்கு அணைந்தது.

நாம் செய்யக்கூடியது

பொறியாளர் உண்மை சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள், உண்மையைக் கேட்கும் காதோடு இருக்க வேண்டும். பொய்ச் சான்றுக்குச் சந்தை இருக்கும்வரை பொய்ச் சான்று வரும். வாங்குபவர் இல்லாவிட்டால் எந்தச் சரக்கும் தேங்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் நாம் மூன்று தீர்மானங்களை முன்மொழிய இருக்கிறோம்.

முதலாவது, கட்டடத்தைப் பார்க்காமல் கையெழுத்திடும் எவரிடமும் உறுப்பினர்கள் சான்று வாங்கக் கூடாது. இரண்டாவது, பொதுக் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் கூரைச் சோதனை நடத்தும்படியும், அதன் முடிவைக் கடைவீதியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படியும் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். மூன்றாவது, உண்மையைச் சொன்னதற்காக ஒரு பொறியாளருக்குத் தொல்லை வந்தால், அவர் நமது கடையைக் காலி செய்யச் சொன்னவராகவே இருந்தாலும், சங்கம் அவர் பக்கம் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். அதனால்தான் அதைத் தீர்மானமாகவே எழுதி வைக்க வேண்டும் என்கிறோம்.

2011 டிசம்பரில் தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மறுநாள் காலை நாம் ஓடிப்போய்ப் பார்த்தது மூட்டைகள் நனைந்தனவா என்றுதான். கூரையில் எத்தனை தண்ணீர் இறங்கியது என்று பார்த்தவர் எத்தனை பேர்? இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போங்கள். காலண்டரைக் கழற்றுங்கள். அண்ணாந்து பாருங்கள். கம்பி போன வழியே கோடு தெரிந்தால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்வது பிடிக்காவிட்டால், அதைக் கூரைக்கு அடியில் வேலை செய்பவர்களும் கேட்கும்படி சொல்லச் சொல்லுங்கள்.